அப்பப்பாவின் ஃபைல் பழுதாகவில்லை

போன மாதம் அப்பா ஒரு பழைய யுஎஸ்பியை என்ர கையில தந்தார். "அப்பப்பா எழுதினது. பழுதாப் போச்சு போல, ஒருக்கா பார்" எண்டார். உள்ளே ஒரே ஒரு வேர்ட் ஃபைல், 41 பக்கம். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, கோழி கிளறின மாதிரி இருந்தது. என்ர மச்சாளிடமும் ஒரு பிரதி இருந்ததாம். 'கரப்ட்' ஆகிவிட்டது என்று நினைத்து அவள் எப்பவோ அழிச்சுப்போட்டாள். அப்பப்பா இப்போது இல்லை, அவரிடம் திரும்பக் கேட்கவும் முடியாது. மிஞ்சினது இந்த ஒன்றுதான்.

எபிசோட்டில் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதைக் கேட்டுவிட்டு "எங்கட வீட்டிலயும் இப்படி ஒன்று கிடக்கு" என்று சிலர் சொன்னதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: ஒன்றையும் அழிக்காதீங்கோ. ஃபைலை ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கோ. பிறகு அந்தக் கிறுக்கல் நடுவே ஒரு இடத்தில் கிளிக் செய்து, வேர்டின் மேலே எழுத்துருவின் பெயர் வரும் பெட்டியைப் பாருங்கோ. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்ட் காட்டும். எனக்கு அங்கே 'பாமினி' என்று இருந்தது. அந்த நிமிடமே மூச்சு வந்தது.

பாமினி என்பது யூனிகோட் பரவலாவதற்கு முன்பு ஈழத்தமிழர் பலர் பாவித்த எழுத்துரு. அது செய்தது ஒரு சின்னத் தந்திரம். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிட்டார்கள். அப்பப்பா 'அம்மா' என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டியிருப்பார். திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினி சேமித்தது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். யூனிகோடில் 'அ' என்பதற்குச் சொந்தமாக ஒரு எண் உண்டு, 2949. பாமினி ஃபைலில் அந்த இடத்தில் இருப்பது 109, அதாவது ஆங்கிலச் சின்ன எம். எழுத்துரு இல்லாத கணினியில் எம் எம்மாகவே தெரியும். ஃபைலுக்கு ஒரு குறையும் இல்லை. வேஷம்தான் கலைந்துபோச்சு.

ஆகவே பாமினி எழுத்துருவை இறக்கி, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்து, வேர்டை மூடித் திறந்தேன். 41 பக்கமும் தமிழ். அப்பா பின்னால நிண்டு பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை எடுக்கப் போனார்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இப்போது அது தமிழாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு சொல்லை கொப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரும்பவும் கிறுக்கல்தான் வரும். பிடிஎஃப் வைத்திருக்கிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கோ. எழுத்துரு உள்ளேயே இருப்பதால் பார்வைக்கு வடிவாக இருக்கும், ஒட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். தேடுவதற்கும் போனில் வாசிப்பதற்கும் அதை யூனிகோடுக்கு மாற்றத்தான் வேணும்.

'பாமினி யூனிகோட் மாற்றி' என்று தேடினால் இலவசமாகப் பல வரும். குடும்ப விஷயத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் மாற்றியின் பக்கம் திறந்ததும் வைஃபையை நிறுத்திவிட்டு மாற்றிப் பார்த்தேன். வேலை செய்தது. அப்படியென்றால் மாற்றுவது என்ர கணினிக்குள்ளேயே நடக்கிறது. முடித்து அந்தப் பக்கத்தை மூடிய பிறகுதான் வைஃபையைத் திரும்பப் போட்டேன். நிறுத்தினவுடன் வேலை செய்யாமல் நின்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கோ.

நான் சறுக்கின இடம் ஒன்று உண்டு. அப்பப்பா இடையிடையே ஆங்கிலச் சொற்களும் எழுதியிருக்கிறார். முழுவதையும் ஒரேயடியாக மாற்றிக்கு கொடுத்தேன், கனடா என்ற சொல் 'ஊயயெனய' என்று வந்து நின்றது. ஆங்கில எழுத்துகளையும் மாற்றி பாமினியாக எடுத்துக்கொண்டது, அதன் மேல் பிழை இல்லை. வேர்டில் 'ஹோம்' பகுதியில் 'செலக்ட்' என்பதன் கீழே, ஒரே வடிவமைப்புள்ள எழுத்துகளை எல்லாம் ஒன்றாகத் தெரிவு செய்யும் வசதி உண்டு. ஒரு ஆங்கிலச் சொல்லில் கிளிக் செய்து அதைக் கொடுத்தால் மற்ற ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தெரிவாகும். அவற்றுக்கு மஞ்சள் பூசி வைத்துவிட்டு, நடுவில் உள்ள தமிழை மட்டும் மாற்றினேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு.

தமிழ்நாட்டு உறவினரின் பழைய ஃபைல் என்றால் எழுத்துருப் பெட்டியில் வேறு பெயர் இருக்கலாம். அங்கே 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. வழி அதேதான், மாற்றியில் சரியான பெயரைத் தெரிவு செய்ய வேணும்.

எல்லாக் கிறுக்கலும் ஒன்றல்ல. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. தலையில் கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோட் ஃபைல், திறந்த விதம்தான் பிழை. எக்செலில் இது அடிக்கடி நடக்கும். நேரே திறக்காமல் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்தால் சரியாகும். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் கஷ்டம். யாரோ பழைய முறையில் சேமித்ததில் எழுத்துகள் உண்மையாகவே போய்விட்டன. அப்போது வேறு பிரதியைத்தான் தேட வேணும், பழைய ஈமெயிலின் இணைப்புகளில் இருந்து தொடங்குங்கோ.

மாற்றி முடிந்ததும் நான் முதலில் செய்தது கன்ட்ரோல் எஃப் அழுத்தி என்ர பெயரைத் தேடினதுதான். நாலு இடத்தில் வந்தது. ஒன்றில், எனக்கு மூன்று வயதில் அவருடைய கீபோர்டில் தேத்தண்ணி ஊற்றின கதை.

பிழை பார்க்க இன்னும் 23 பக்கம் கிடக்கு. சில இடத்தில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து நிற்கிறது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சத்தமாக வாசிக்க, அப்பா பக்கத்தில் இருந்து திருத்துகிறார். என்ர உச்சரிப்பையும் சேர்த்து.