தண்ணீரில் தவிக்கும் நண்டுகள்

மீன் கடைகளில் விற்கப்படும் சிவப்புக் கொடுக்கு நண்டுகளுக்குத் தேவை தொட்டி நிறையத் தண்ணீர் அல்ல, ஏறி உட்காரக் கொஞ்சம் கரை

தெற்கு தில்லியின் சந்து ஒன்றில் உள்ள வண்ண மீன் கடை. கண்ணாடித் தொட்டியின் மூலையில் காற்று பம்ப்பின் ரப்பர் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான்கு நண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கரும்பழுப்பு உடல், குங்குமச் சிவப்பில் கொடுக்குகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. "நல்ல தண்ணீர் நண்டுதான் சார். மீன்களோடு விட்டுவிடுங்கள். தனித் தீனிகூட வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஏன் குழாயில் தொங்குகின்றன என்று கேட்டதற்கு, "விளையாடுகின்றன" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அதை நம்பி, மகளின் பிடிவாதத்துக்காக இரண்டு நண்டுகளை வாங்கிவந்தேன். ஒன்பதாம் நாள் ஒன்றைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் தூசி படிந்து, காய்ந்து கிடந்தது. அடுத்த வாரம் இன்னொன்றும் தொட்டியின் அடியில் அசையாமல் கிடக்க, மகள் அழுதபடியே அதைத் துளசித் தொட்டியில் புதைத்தாள். மறுநாள் காலை, புதைக்கப்பட்ட நண்டு கல் இடுக்கிலிருந்து மெல்ல வெளியே வந்தது. நாங்கள் புதைத்தது அது உரித்துப் போட்ட சட்டை!

நண்டைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையல் குறிப்புகள்தான். படிக்கத் தொடங்கியது அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகே.

கடைகளில் 'ரெட் கிளா' என்று அழைக்கப்படும் இவை மாங்குரோவ் எனப்படும் அலையாத்திக் காடுகளின் பிரஜைகள். ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரச் சேற்றில் வளை தோண்டி வாழ்பவை. நெருங்கிய உறவினர்கள் மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்திலும் நம் பிச்சாவரத்திலும் உண்டு. உதிரும் இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தின்பது இவற்றின் அன்றாட வேலை. அந்த இலைகளை அலை கடலுக்கு அடித்துச் சென்றுவிடாமல் காட்டுக்கே உரமாக்குவதில் இந்த நண்டுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அவை மூச்சுவிடும் விதம் விசித்திரமானது. செவுள்கள் இருக்கும் அறையில் கொஞ்சம் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் வாயருகே வெளியே வந்து, உடலின் பக்கவாட்டில் வலைபோல் அமைந்த நுண்ணிய மயிர்களின் மீது மெல்லிய படலமாக வழிந்தோடுகிறது. வழியில் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, கால்களின் அடியில் உள்ள துளைகள் வழியாக மீண்டும் செவுளுக்குத் திரும்புகிறது. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஈரம் இருக்கும்வரை கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உலவலாம். ஈரம் வற்றினால் ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்ததன் கதிதான். நேர்மாறாக, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய, ஆக்சிஜன் குறைந்த தொட்டியிலிருந்து மேலே வர வழியில்லாவிட்டால், நாளடைவில் மூச்சுத் திணறிச் சாகவும் கூடும். கடையில் நான் பார்த்த 'விளையாட்டு' இதுதான்.

உப்பு அடுத்த பிரச்னை. முகத்துவார நீர் கடலைப் போலக் கரிக்காது. ஆற்றைப் போலத் தித்திக்கவும் செய்யாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் இவற்றுக்கு 7 கிராம் போதும். சமையல் உப்பு உதவாது. கடல் மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் வேண்டும். வெறும் நல்ல தண்ணீரிலும் சில வாரங்கள், மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். அந்த அவகாசம்தான் வியாபாரத்துக்கு வசதி. நண்டு சாகும்போது வாங்கியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார்.

இரண்டடி நீளத் தொட்டியில் மூன்று நண்டுகள் வசதியாக வாழலாம். நான்கைந்து அங்குலத் தண்ணீர். மீதி இடத்தில் மணற்சரிவு, கற்கள், மரக்கட்டை. ஆண் ஒன்றுக்கு மேல் வேண்டாம், சண்டை நிச்சயம். (திருப்பிப் பார்த்தால் வயிற்று மடிப்பு ஆணுக்குக் குறுகலாகவும் பெண்ணுக்கு அகன்றும் இருக்கும்.) மூடி கட்டாயம், வயர் நுழையும் ஓட்டையைக்கூட அடைக்க வேண்டும். தில்லிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. மீன்களுக்கு ஊற்றும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. நண்டுக்கு அது விஷம். காய்ந்த நாட்டு வாதுமை இலை, வேகவைத்த காய்கறி, எப்போதாவது ஒரு துண்டு இறால் என்று உணவு கொடுக்கலாம். சட்டை உரித்த நண்டை மட்டும் தொடக் கூடாது. உடல் பஞ்சாக இருக்கும் அந்த நாட்களில் கூட இருக்கும் நண்டே அதைத் தின்றுவிடும். உரித்த சட்டையையும் எடுத்துவிடக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்காக நண்டே அதைச் சாப்பிட்டுவிடும். நாங்கள் துளசிக்கு உரமாக்கிவிட்டோம்.

இவ்வளவு செய்தாலும் வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளம் உயிரிகள் கடலில் மிதந்து வளர்ந்த பிறகே நண்டு உருவெடுத்துக் கரைக்குத் திரும்புகின்றன. எனவே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் காட்டில் பிடிபட்டவை. இந்தோனேசியாவின் ஜாவா தீவைச் சேர்ந்த 'வாம்பயர்' நண்டு இதற்கு விதிவிலக்கு. ஊதா உடலும் மஞ்சள் கண்களும் கொண்ட இதன் முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டே வெளிவருகிறது. உப்பும் வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியக் கடைகளில் பல ஆண்டுகள் விற்பனையான பிறகு, 2015ல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் எஞ்சிய நண்டு மணல் கரையும் உப்பு நீரும் கிடைத்தபின் இரண்டு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தது. இழந்திருந்த ஒரு கால், இரண்டு முறை சட்டை உரித்ததில் திரும்ப முளைத்தது. அந்தச் சட்டைகளை மகள் தொடவில்லை.

போன மாதம் அந்தக் கடைக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் எட்டிப் பார்த்தால், தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். நண்டுகள் எல்லாம் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இப்போதுதான் சார் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்" என்றார் மகிழ்ச்சியாக. விலையில் 50 ரூபாய் ஏற்றியிருந்தார்.