திரும்ப அழைக்கும் உரிமையும் ஊர்க் கையெழுத்தும்

தோழர்களே, தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்ற குரல் நம் மேடைகளிலும் கேட்கிறது. கொள்கையளவில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து நம் ஊரில் எப்படி வாங்கப்படும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் கிராம சபை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் தலைவரைத் திரும்ப அழைக்கும் நடவடிக்கை தொடங்கும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால் பதவி போகும். தமிழ்நாட்டில் வாக்காளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவுப்படி, வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டு, இருவர் நேரில் போய் ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஆட்சியர் தாமாகவும் தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால் வட்டாட்சியர் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பெறுவார். முடிவு ஆட்சியருடையது. கிராம சபை முழுக்க எழுந்து நின்று கேட்டாலும் இந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை. மக்களாட்சிக்கு இது குறைதான்.

ஆனால் ஒதுக்கீட்டு ஊராட்சியை நினைத்துப் பாருங்கள். தலைவர் தலித், வார்டுகளில் பெரும்பான்மை பல இடங்களில் சாதி இந்துக்கள் கையில். அங்கே மூன்றில் இரண்டு பங்குக் கையெழுத்து ஒரு சாயங்கால வேலை. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை மனு கூடத் தேவைப்படவில்லை. தேர்தலை நடக்கவிடாமல் செய்தார்கள். நடந்தபோது வென்றவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. ஊர் திரும்ப அழைத்தது என்றுதான் அதையும் சொல்ல வேண்டும். மேலவளவில் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்.

மறுபுறம், ஊழல் செய்யும் ஆதிக்கசாதித் தலைவருக்கு எதிராக நம்மவர்கள் கையெழுத்துப் போட முடியுமா? வாக்கு ரகசியம், கையெழுத்து பகிரங்கம். நாளை களத்துமேட்டில் வேலை கேட்கப் போகிறவள் இன்று தன் பெயரைத் தாளில் எழுதித்தர வேண்டும். சலுகை விலைக்கு வாங்கும் சட்டமல்ல இது, அவளுக்கு.

எனவே நாம் கேட்பது: கையெழுத்தை வெளியூர் அதிகாரி முன்பு தனித்தனியாகப் பெறட்டும், பெயர்ப்பட்டியலை ஊரில் ஒட்டாதிருக்கட்டும். ஒதுக்கீட்டு ஊராட்சியில் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் குற்றச்சாட்டை விசாரிக்கட்டும். தலித் தலைவரை மிரட்டியோ தடுத்தோ பணிசெய்ய விடாதிருப்பது 2015 திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம். அப்படிப்பட்ட புகார் நிலுவையில் உள்ள ஊரில், மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பதையும் ஆட்சியர் பார்க்கட்டும்.