தாய்ச்சாவி ஒன்று, பில்லுக்கொரு சாவி

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலை. உளிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சிற்பக் கடையில் ஓரடிப் பிள்ளையாருக்கு விலை படிகிறது. வாங்குபவர் கார்டை எடுக்க, கடைக்காரர் மிஷினை நீட்டி, "பின் போடுங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான்கு இலக்கம், ஒரு பீப் ஒலி, ஒரு சீட்டு. பிள்ளையார் செய்தித்தாளுக்குள் போகிறார்.

அந்த நான்கு இலக்கமும் மிஷினை விட்டுக் கிளம்பும்போதே சங்கேதமாகிவிடும். சங்கேதத்துக்குச் சாவி வேண்டும். எல்லா மிஷினுக்கும் ஒரே சாவி என்றால், ஒன்றை உடைத்தவனிடம் கோவளம் முதல் கல்பாக்கம் வரை அத்தனை கடையும் சிக்கும். மிஷினுக்கொரு சாவி என்று தனித்தனியாகச் செய்து பூட்டிவைத்தால், வங்கி லட்சக்கணக்கில் சாவிகளைக் கட்டிக் காக்க வேண்டும்.

இதற்குக் கண்ட வழிதான் 'டியூக்பிடி' (DUKPT), அதாவது பரிவர்த்தனைக்கொரு சாவி. அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ எக்ஸ்9.24 இதை வரையறுக்கிறது. வங்கியிடம் இருப்பது ஒரே தாய்ச்சாவி. அதோடு மிஷினின் அடையாள எண்ணைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மிஷினுக்கான முதல் சாவி பிறக்கும். அதிலிருந்து ஒவ்வொரு பில்லுக்கும் புதுச் சாவி. அடையாள எண்ணும் எத்தனையாவது பில் என்பதும் செய்தியோடு வெளிப்படையாகவே போகும். வங்கி அதை வைத்து அதே சாவியைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளும். தாய்ச்சாவி மிஷினுக்குள் ஒருநாளும் வருவதில்லை. முதல் சாவியும் அடுத்த தலைமுறைச் சாவிகளை ஈன்றதும் அழிக்கப்படும். வேலை முடிந்த பில் சாவியும் அப்படியே. நாளை மிஷினைத் திருடுபவனால் இன்றைய பில்லைத் திறக்க முடியாது. பழைய வடிவத்தில் ஒரு மிஷினுக்குச் சுமார் 10 லட்சம் சாவிகள் கிடைத்தன. ஏஇஎஸ் என்ற சங்கேத முறையோடு 2017-இல் வந்த வடிவத்தில் அந்த எல்லை பல மடங்கு விரிந்தது.

இந்தக் கணக்கு ஒருவழிப் பாதை. சிதறிய சில்லுகளைக் கூட்டி யாரும் பாறையைத் திரும்பச் செய்ய முடியாது. ஆனால் பாறை செதுக்கச் செதுக்கக் குறையும், தாய்ச்சாவி குறைவதில்லை.

'தாய்ச்சாவியோடு 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டால் போதாதா?' என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் ஒரு சாவி கசிந்ததும் குடும்பமே கசியும். அதனால்தான் சொந்தக் கணக்கு கூடாது, சோதித்துத் தேறிய கணக்கே வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு இதற்கென வெளியிட்ட 800-108 ஆவணம் 2022-இல் திருத்தப்பட்டது. எந்த வேலைக்கான சாவி என்ற குறிப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது அது. பின்னை மறைக்கும் சாவி வேறு, செய்தி திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்யும் சாவி வேறு.

நம் ரிசர்வ் வங்கியும் 2011-இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், மிஷினுக்கொரு சாவி அல்லது பரிவர்த்தனைக்கொரு சாவி என்ற ஏற்பாட்டைக் கெடு வைத்துக் கேட்டது.

இனி பாரம் முழுக்கத் தாய்ச்சாவியின் மேல்தான். அதைத் தனிப் பெட்டகக் கருவியில் பூட்டி, பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு அதிகாரிகளிடம் தருவது வழக்கம். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை இருவரிடம் கொடுக்கும் அதே ஜாக்கிரதை.

ஆனால் கணக்கெல்லாம் காப்பது மிஷினுக்குள் போன இலக்கங்களைத்தான். விரல்மேல் விழும் கண்ணை அது தடுக்காது. அதற்கு உங்கள் இன்னொரு கையின் மறைப்பும், கடைக்காரர் திருப்பிக்கொண்ட முகமும்தான் காவல்.