காற்றை எடுத்துவிட்டால் மீன் கெடாதா?

பாசையூரிலோ குருநகரிலோ காலையில் வந்திறங்கும் மீனை மொத்தமாக வாங்கி, வெட்டிக் கழுவி, ஒரு கறிக்கு ஒரு பொதி என்று பிரித்து பிரீசரில் வைத்துக்கொள்வது பல வீடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் மீன் அனுப்பும் குடும்பங்களும் வடக்கில் ஏராளம். இவர்களில் பலரிடம் இப்போது வெக்யூம் பெக்கிங் இயந்திரம் இருக்கிறது. சிலர் அதையே சிறு தொழிலாக்கி, வீட்டிலேயே மீனைப் பொதி செய்து சமூக வலைத்தளங்கள் ஊடாக விற்கிறார்கள்.

பொலித்தீன் இறுக்கமாக ஒட்டியிருக்கும் ஒரு பொதியைப் பார்த்ததும் 'மீன் நல்லது' என்ற நம்பிக்கை தானாகவே வந்துவிடுகிறது. காற்று இல்லை, ஆகவே கெடாது என்பதுதான் பொதுவான எண்ணம். இந்த எண்ணம் பாதிதான் சரி. வெக்யூம் பெக் மீனின் சுவையைக் காப்பாற்றும். குளிர் செய்யவேண்டிய வேலையை அது செய்யாது. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் பொதியே ஆபத்தை மறைக்கும் உறையாகிவிடலாம்.

பிரீசருக்குள் காற்று செய்யும் வேலை

பிரீசரில் சாதாரண பொலித்தீன் பையில் சில வாரங்கள் கிடந்த மீனில் ஓரங்கள் வெளுத்து, பஞ்சுபோல உலர்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மீனின் மேற்பரப்பிலுள்ள ஐஸ், நீராகாமலே நேரடியாக ஆவியாகிப் போவதால் ஏற்படும் மாற்றம் இது. ஆவியான நீர் பைக்குள்ளேயே உறைபனியாகப் படியும். அந்தத் துண்டு பிறகு குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் சக்கையாகவே இருக்கும்.

இரண்டாவது பிரச்சினை கொழுப்பு. மீன் கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்து விரைவில் காறிப்போகும். பிரீசரின் குளிர் இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. சூடை, சாளை, கும்பளா போன்ற கொழுப்பு மீன்கள் முதலில் பாதிக்கப்படும். சூரையின் கருஞ்சிவப்புத் தசையும் அப்படித்தான். விளை, ஒட்டி, கலவாய் போன்ற கொழுப்புக் குறைந்த மீன்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். சாதாரணமாகப் பொதி செய்தால் கொழுப்பு மீனுக்கு 2 முதல் 3 மாதம், கொழுப்புக் குறைந்த மீனுக்கு 6 முதல் 8 மாதம் என்பது பொதுவான கணக்கு. இது சுவைக்கான கணக்கு.

வெக்யூம் பெக் இந்த இரண்டையும் தடுக்கிறது. உறை மீனோடு ஒட்டியிருப்பதால் நீர் ஆவியாக இடமில்லை. ஒட்சிசன் இல்லாததால் கொழுப்பு காறுவதும் குறைகிறது. இதற்கென விற்கப்படும் பைகள் நைலோனும் பொலித்தீனும் அடுக்கடுக்காகச் சேர்ந்தவை. நைலோன் அடுக்கு ஒட்சிசனைப் பெருமளவு தடுக்கும். மரக்கறி வாங்கும் சாதாரண பொலித்தீன் பை ஒட்சிசனை மெல்ல உள்ளே விட்டுவிடும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது இதற்கு ஈடாகாது.

காற்று இல்லாத இடத்தில் வளர்பவை

மீன் பழுதாகும்போது வரும் நாற்றத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது காற்றில் வளரும் பற்றீரியாக்கள். அந்த நாற்றம் நமக்கு ஒரு எச்சரிக்கை. காற்றை எடுத்துவிட்டால் இந்தப் பற்றீரியாக்கள் அடங்கிவிடும். ஆனால் ஒட்சிசன் இல்லாமலும் வளரக்கூடியவை அடங்குவதில்லை. மூக்கு எச்சரிக்காத நிலையிலேயே மீன் ஆபத்தானதாக மாற இது வழிவிடுகிறது.

அவற்றில் மிகவும் அஞ்சப்படுவது பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம். இதன் வித்திகள் கடலடிச் சேற்றிலும் மீனின் குடலிலும் இருக்கக்கூடும். மீனோடு தொடர்புபட்ட 'ஈ' வகை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸிலேயே வளரத் தொடங்கும். வீட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டுகள் பெரும்பாலும் அதைவிடச் சூடானவை. உறையவைத்தாலும் வித்திகள் சாவதில்லை, வளராமல் மட்டுமே இருக்கும். ஆகவே வெக்யூம் பெக் செய்த பச்சை மீனை பிரிட்ஜின் சாதாரண தட்டில் நாட்கணக்கில் வைத்திருக்கக்கூடாது. அதன் இடம் பிரீசர் மட்டுமே.

இந்த நச்சு நன்றாகக் கொதித்தால் அழியும் என்பதால் குழம்பு வைத்து உண்ணும் நமது சமையலில் ஆபத்து குறைவு. நமது வீடுகளுக்குக் கூடுதலாகப் பொருந்தும் ஆபத்து ஹிஸ்டமின். சூரை, கும்பளா, அறக்குளா, சூடை, சாளை, நெத்தலி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் இறந்தபின் சூட்டில் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் எல்லை.

உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும் அழியாது. அதை உருவாக்கும் பற்றீரியாக்களில் பல காற்று இல்லாமலும் வாழும். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவத்தல், தலையிடி, தோலில் தடிப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம் என்று அறிகுறிகள் தோன்றும். நமது ஊர்களில் இதைச் 'சூரை கிரந்தி' என்று சொல்லிக் கடந்துபோவதுண்டு. ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுவதும் சூரையை ஒதுக்குபவர்களும் உண்டு. உண்மையில் பல சந்தர்ப்பங்களில் காரணம் மீன் அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம்தான். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வெயிலில் சில மணித்தியாலம் கிடந்த சூரையை எவ்வளவு நல்ல இயந்திரத்தில் பொதி செய்தாலும், அதில் ஏற்கெனவே உருவான ஹிஸ்டமினும் பொதியோடு சேர்ந்தே பிரீசருக்குள் போகிறது.

ஐஸின் கணக்கு

ஆகவே இயந்திரத்துக்கு முன்னர் பேசவேண்டியது ஐஸைப் பற்றி. ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகும்போது ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கிறது. 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 110 கிலோஜூல் போதும். அதாவது மீனைக் குளிரவைக்க மட்டும் அதன் எடையில் மூன்றிலொரு பங்கு ஐஸ் தேவை. மிச்சமெல்லாம் வெளிச்சூட்டோடு போராடவே செலவாகிறது. நமது வெயிலில் மீன் எடைக்குச் சம எடை ஐஸ் வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான். பிளாஸ்டிக் கூடையின் மேலே ஒரு கை ஐஸ் தூவுவது கண்ணுக்குக் குளிர்ச்சி தரும், மீனுக்கு அல்ல.

ஐஸை உடைத்து மீனின் கீழும் இடையிலும் மேலும் போடவேண்டும். ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து மீனை மூழ்கவைத்தால் இன்னும் விரைவாகக் குளிரும், ஏனெனில் தண்ணீர் மீனின் எல்லாப் பக்கத்தையும் தொடும். பெரிய மீனாயின் குடலையும் பூவையும் விரைவில் அகற்றிவிடுவது நல்லது. பற்றீரியாக்களும் நொதியங்களும் அதிகம் இருப்பது அங்கேதான். வாங்குபவர் சந்தைக்குப் போகும்போதே ஐஸ் போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுபோவது, விலை கூடிய இயந்திரம் வாங்குவதைவிடப் பெரிய பயன் தரும்.

பொதி செய்யும்போது

மீனை வெட்டிக் கழுவியபின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்கவேண்டும். வீட்டு இயந்திரங்களில் வரும் முக்கிய சிக்கல், காற்றோடு சேர்த்து மீனின் நீரும் இழுபட்டு, பையின் வாயில் படிந்து, ஒட்டு சரியாக விழாமல் போவது. இதற்கு எளிய வழி, துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் தட்டில் அடுக்கி ஒன்றிரண்டு மணித்தியாலம் பிரீசரில் வைத்து, மேற்பரப்பு இறுகியதும் பையில் போட்டுக் காற்றை எடுப்பது. சதையும் நசியாது. பையின் வாயில் நான்கு விரல் அளவு இடம் விட்டு, ஒட்டு விழும் பகுதியைத் துடைக்கவேண்டும். செட்டைகளை நறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின்மேல் ஒரு துண்டு தடித்த பொலித்தீனை மடித்து வைத்தால் பை குத்துப்படாது. அடுத்தநாள் பொதியைப் பார்க்கும்போது உறை தளர்ந்திருந்தால் எங்கோ துளை இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திரும்பப் பொதி செய்யவேண்டும், அல்லது முதலில் சமைத்துவிடவேண்டும்.

பொரிப்பதற்காக உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி பிரீசரில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சில நாட்களுக்கு அது பரவாயில்லை. மாதக்கணக்கில் வைப்பதாயின் உப்பு சேர்க்காமல் வைப்பதே நல்லது, உப்பு கொழுப்பு காறுவதைத் துரிதப்படுத்தும்.

பொதி தட்டையாக, இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காமல் இருக்கவேண்டும். மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய ஐஸ் பளிங்குகள் வளர்ந்து கலங்களைக் கிழித்துவிடும். உருகும்போது மீனின் சாறு ஓடிப்போவது அதனால்தான். ஒரே நேரத்தில் இருபது பொதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவிலுள்ளவை உறைய மிக நீண்ட நேரம் எடுக்கும். முதலில் பரப்பி உறையவைத்து, பிறகு அடுக்கலாம்.

பிரீசரின் குளிரும் முக்கியம். உறைந்த மீனுக்கான அளவு மறை 18 பாகை. பிரிட்ஜுக்குள் இருக்கும் சிறிய ஐஸ் தட்டின் கதவில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அது மறை 6 பாகை, இரண்டு இருந்தால் மறை 12, மூன்று இருந்தால்தான் மறை 18. ஒற்றை நட்சத்திரத் தட்டில் மீனை மாதக்கணக்கில் வைப்பது, வெக்யூம் பெக் ஆனாலும், பொருத்தமற்றது.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு

இயந்திரம் இல்லாமலும் மீனைக் காற்றிலிருந்து காக்கலாம். உறைந்த துண்டுகளை ஐஸ் தண்ணீரில் ஒருமுறை தோய்த்து மீண்டும் பிரீசரில் வைத்தால் மேலே மெல்லிய ஐஸ் உறை படியும். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் அது நல்ல கவசம். வணிக ரீதியாக உறையவைக்கும் நிறுவனங்களும் செய்வது இதைத்தான். இறாலையும் சிறிய மீனையும் பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைக்கலாம். சிப் வைத்த பையாயின், வாயை மட்டும் வெளியே வைத்துப் பையைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால் தண்ணீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளும். பிறகு வாயை மூடிவிடலாம்.

மின்சாரம் நின்றால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மீனைச் சேமித்து வைக்கும் எவரும் இதற்குத் தயாராக இருக்கவேண்டிய நாடு இது.

நிறைந்திருக்கும் பிரீசர் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான வழிகாட்டல். நமது சூட்டிலும் பழைய இயந்திரங்களிலும் இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்கவேண்டும். இடைவெளிகளில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்பிவைப்பது உதவும். மின்சாரம் வந்தபின், பொதிக்குள் ஐஸ் பளிங்குகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறையவைக்கலாம், சுவை கொஞ்சம் குறையும். முழுவதும் உருகிச் சூடேறியிருந்தால், உறை இறுக்கமாக இருக்கிறது, மணமில்லை என்ற காரணங்களுக்காக வைத்திருக்கக்கூடாது. சூரையாயின் எந்தச் சமரசமும் வேண்டாம்.

உருகவைக்கும்போதும் ஒரு விதி உண்டு. பொதியை பிரீசரிலிருந்து எடுத்தவுடன் வெட்டித் திறந்து, மீனை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிடவேண்டும். மூடிய பொதியை அப்படியே குசினி மேசையில் மணிக்கணக்கில் வைப்பது, காற்றில்லாத இடத்தில் வளர்பவற்றுக்குத் தேவையான சூட்டையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

விற்பவரும் வாங்குபவரும்

வீட்டில் பொதி செய்து விற்பவர்களில் பலர் பெண்கள். ஒரு இயந்திரமும் ஒரு பிரீசரும் ஒரு குடும்பத்துக்கு வருமானம் தருவது வரவேற்கவேண்டியது. அந்த வருமானம் நிலைக்கவேண்டுமானால் பொதியில் மீனின் பெயர், எடை, பொதி செய்த திகதி, 'உறைநிலையில் வைக்கவும்', 'திறந்தபின் உருகவைக்கவும்' என்ற வரிகள் இருக்கவேண்டும். விற்பனைக்கான உணவு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வருவதால், தொடங்குமுன் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுவது பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

வாங்குபவர்கள் கேட்கவேண்டியவை மூன்று. மீன் எப்போது கரைக்கு வந்தது? கரையிலிருந்து பிரீசர் வரை ஐஸில் இருந்ததா? வீட்டுக்கு வரும் வழியில் உருகியதா? நன்றாகச் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். பதில் வராத இடத்தில் பொதி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதை நம்பி வாங்குவதற்குக் காரணம் இல்லை.