மகளுக்குக் கொடுத்த பங்கு

போன மாதம் ஒழுகினசேரியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் குனிந்து நிமிர்ந்தபோது என் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்ட ஒரு பெரியம்மா, "சிசேரியனா மக்ளே? இவ்வளவு மேலயா கீறுவாங்க?" என்று கேட்டார். "இல்லை பெரியம்மா, கல்லீரலில் ஒரு துண்டு வெட்டி என் மகளுக்குக் கொடுத்தேன்" என்றேன். பாவம், கையிலிருந்த வெற்றிலையை வாயில் போடவே மறந்துவிட்டார். அன்று அவரிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன், சகோதரிகளே.

என் இரண்டாவது குழந்தை 2017-ல் பிறந்தாள். சில நாளில் கண் மஞ்சளித்தது. "எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான், காலை வெயில்ல காட்டு" என்றார் மாமியார். காட்டினேன். மஞ்சள் போகவில்லை. மலமோ சுண்ணாம்புபோல் வெளுத்து வந்தது. பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். மஞ்சள் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலும், மலம் வெளுத்தாலும், மூத்திரம் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தாலும் உடனே குழந்தை டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் போனது நாலாம் மாதம்.

பித்தம் குடலுக்கு இறங்குகிற குழாய் அவளுக்கு அடைபட்டிருந்தது. இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்தால், ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் வகுத்த முறைப்படி குடலையே ஈரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்து பார்க்கலாமாம். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஈரல் கெட்டு, வயிறு ஊதிவிட்டது. நாகர்கோவில் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே, "வேறு ஈரல் வைப்பதுதான் வழி" என்றார்கள்.

சின்னக் குழந்தைக்கு முழு ஈரல் வேண்டாம். பெரியவர் ஒருவரின் ஈரலில் இடது ஓரத்துத் துண்டு, ஏறக்குறைய கால் பங்கு, போதும். கொடுத்தவருக்கு மீதி ஈரல் சில மாதங்களில் பழைய அளவை நெருங்க வளர்ந்துவிடும். 1989-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு ஜப்பானியத் தாய் தன் மகனுக்குக் கொடுத்ததுதான் இந்த முறையின் முதல் வெற்றி. நம் நாட்டில் 1998-ல் டில்லி அப்பல்லோ மருத்துவமனையில் முதன்முதலாகப் பிழைத்த குழந்தை நம் காஞ்சிபுரத்து சஞ்சய். கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர்! ரயிலில் என் கணவர் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார், தானே கொடுக்கப்போகிற நினைப்பில். அவருக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது.

"நீயும் படுத்துட்டா மூத்தவனை ஆரு பாப்பா?" என்று என் அம்மா அழுதாள். மாமியார் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார். கொடுப்பதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்மா என்றால் கொடுப்பாள், அவ்வளவுதான்.

கேட்டவர் ஒரு லேடி டாக்டர். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். இடது துண்டு கொடுப்பவரில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு உயிருக்கே ஆபத்து உண்டு, பெரியவருக்காக வலது பாதியைக் கொடுத்தால் இன்னும் கூடுதல் என்று ஒளிக்காமல் சொன்னார். "மனசில்லேன்னா இப்பவே சொல்லலாம்மா. ஆபரேஷன் மேஜையில படுக்கிற வரைக்கும் சொல்லலாம். 'பொருந்தலை'ன்னு மட்டும் உங்க வீட்ல சொல்லிடுவோம்." பயமாக இருக்கிறது என்று அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொல்லி அழுதேன். அதற்குப் பிறகுதான் 'கொடுக்கிறேன்' என்று வாய் திறந்து சொல்ல வந்தது.

2019 முதல் 2023 வரை நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் பெண்கள். கணவருக்கும் பிள்ளைக்கும் கொடுத்த அவர்களில் எத்தனை பேருக்குக் கதவு சாத்தப்பட்டதோ!

வலி இருந்தது, மறைப்பானேன்? இருமினால் உயிர் போகும். நாலாம் நாள் கஞ்சியும் பயறும் கேட்டு அம்மாவைச் சிரிக்கவைத்தேன், எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். ஆனால் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்றார்கள். கனம் என்றால் என் பிள்ளையும்தான். அவள் கை நீட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றது தழும்பைவிட வலித்தது.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் காலையும் மாலையும் மாத்திரை, ஆயுசு முழுக்க. எங்கள் வீட்டுக் கடிகாரம் அவள் மாத்திரைக்காகத்தான் ஓடுகிறது.

ஆபரேஷன் முடிந்த வாரம் ஒரு நர்ஸ் ஓடிவந்து, "பிள்ளை மஞ்சளாப் போயிருக்காம்மா!" என்று துணியைக் காட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.