காரணமுள்ள அச்சத்திற்கும் மருத்துவம் தேவை

கோவை–திருச்சி சாலையில், பல்லடத்திற்கும் காங்கேயத்திற்கும் இடையே அமைந்துள்ளது பொங்கலூர். சுற்றியுள்ள ஊர்களில் வாழும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களில் பலருக்கு நூற்பாலையும் விசைத்தறிக் கூடமும் பனியன் நிறுவனமுமே பிழைப்பு. மனப்பதற்றம் உண்டா என்று கேட்டால் இவர்களில் பலர் இல்லை என்றே சொல்வர். ஆனால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, வயிறு கலக்குகிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று சொல்வர். மருந்துக் கடையில் வாய்வு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குச் சென்றுவிடுவர். பதற்ற நோய் பலரிடம் முதலில் உடலின் வழியாகவே வெளிப்படுகிறது.

அச்சம் இயல்பானது. ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பாமல், விடுமுறை நாளிலும் வீட்டுத் திண்ணையிலும் அதே படபடப்பு தொடர்ந்தால், அதை நோயாகக் கருதிக் கவனிக்க வேண்டும்.

தலித் தொழிலாளர்களின் அச்சம் பல வேளைகளில் கற்பனையன்று. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை மூன்றாண்டுகள் வரை ஆலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இம்மண்டலத்தில்தான் வேரூன்றியது. 2021 ஜனவரியில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதிக் குழுமத்தின் திண்டுக்கல் மாவட்ட ஆலையில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளரின் தொல்லையைப் பற்றி அவர் முன்பே கூறியிருந்ததாக உடன் பணிபுரிந்தோர் தெரிவித்தனர். அந்த அச்சம் பொய்யாகவில்லை. இதன் பின்னரே, 2022 ஏப்ரலில், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் முன்னின்று பாலியல் வன்முறைக்கும் சாதியப் பாகுபாட்டுக்கும் எதிரான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது.

எனவே, அச்சத்திற்குக் காரணம் உண்டா என்ற கேள்வியைக் கொண்டு நோயை அளக்க இயலாது. அந்த அச்சம் உடலையும் வாழ்வையும் எவ்வளவு பாதிக்கிறது என்பதே அளவுகோல். இதற்காக மருத்துவ உலகில் பரவலாகப் பயன்படும் எளிய வினாப்பட்டியல் ஒன்று 2006இல் ஸ்பிட்சர் குழுவினரால் வெளியிடப்பட்டது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஏழு கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: பதற்றமாக உணர்ந்தேனா? கவலையை நிறுத்த முடியாமல் தவித்தேனா? பலவற்றைப் பற்றியும் அளவுமீறிக் கவலைப்பட்டேனா? இளைப்பாற முடியாமல் இருந்தேனா? ஓரிடத்தில் உட்கார முடியாதபடி நிலைகொள்ளாமல் இருந்தேனா? எளிதில் எரிச்சலுற்றேனா? ஏதோ விபரீதம் நேரப்போவதாக அஞ்சினேனா?

ஒவ்வொன்றுக்கும், இல்லை எனில் 0, சில நாட்கள் எனில் 1, பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் எனில் 2, ஏறக்குறைய நாள்தோறும் எனில் 3. கூட்டுத்தொகை 5 முதல் 9 வரை லேசான பதற்றம். 10 முதல் 14 வரை மிதமானது. 15 முதல் 21 வரை கடுமையானது. 10ஐத் தொட்டால் மருத்துவரை அணுக வேண்டும். இது நோயை உறுதிசெய்யும் சோதனையன்று, எச்சரிக்கை மணி மட்டுமே. மேலும், இவ்வேழு கேள்விகளில் நெஞ்சுப் படபடப்போ வயிற்றுக் கோளாறோ இடம்பெறவில்லை. ஆகவே எண் குறைவாக இருந்தும் வேலைக்குச் செல்ல இயலவில்லை, பேருந்தில் ஏற அஞ்சுகிறோம், குழந்தைகளிடம் காரணமின்றிச் சீறுகிறோம் என்றால் அதையும் பொருட்படுத்த வேண்டும்.

இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவையும் இதே படபடப்பைத் தரக்கூடும். இரத்தப் பரிசோதனை இதைத் தெளிவாக்கும். வியர்வையுடன் நெஞ்சுவலி கை அல்லது தாடைக்குப் பரவினால், பதற்றம்தான் என்று தாமே முடிவு செய்யாமல் 108ஐ அழைக்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், மதிப்பெண் எதுவாயினும் அன்றே உதவி நாட வேண்டும். தூக்க மாத்திரையைத் தாமாகவே வாங்கி உண்பது அதற்கு அடிமையாக்கிவிடும். முறையான உளவியல் ஆலோசனையும் மருத்துவர் தரும் மருந்தும் பெரும்பாலோருக்குப் பயனளிக்கின்றன. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இங்கு இரு தவறுகள் நேர்கின்றன. நோயைக் காட்டி, 'உனக்கு மனநிலை சரியில்லை' என்று புகாரைத் தள்ளுவது ஒன்று. ஒடுக்குமுறை ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மற்றொன்று. முன்னதை நிர்வாகம் செய்கிறது. பின்னதைச் சில வேளைகளில் நாமே செய்கிறோம். தூக்கமிழந்து நடுங்கும் ஒருவரால் வழக்கு முடியும்வரை சாட்சிக்கூண்டில் உறுதியாக நிற்பது கடினம். சிகிச்சை பெறுவது போராட்டத்திலிருந்து விலகுவதாகாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி அரசு மனநலச் சேவையைப் பெறும் உரிமையை வழங்குகிறது. 23ஆம் பிரிவின்படி சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். விடுதிக் காப்பாளருக்கோ மேலாளருக்கோ அதைக் கேட்டுப் பெறும் உரிமையில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து 115ஆம் பிரிவு காக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

அச்சத்தின் காரணம் சாதிய மிரட்டல் எனில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமை தருகிறது. பணியிடத்தில் பாலியல் தொல்லை எனில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். புகார் மனுவும் மருத்துவச் சீட்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. இரண்டும் நம் கையில் இருக்க வேண்டும்.