தாத்தாவை எழுப்புவது யார்?



எங்க தாத்தா கடலுக்குப் போறதை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. ஆனாலும் தினமும் விடியக்காலம் 3 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அலாரம் கிடையாது. "உன்னை யாரு தாத்தா எழுப்புறாங்க?" என்று கேட்டேன். "உடம்புதான் எழுப்புது பாப்பா" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அறிவியல் டீச்சரிடம் கேட்டால், "தாத்தா சொன்னதுதான் சரி. நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அதைப் பல்கலைக்கழகத்துல பாடமாவே படிக்கிறாங்க" என்றார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம்!

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்பவர் இருந்தார். உயிர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன, அதற்கு உடம்புக்குள் என்ன காரணம் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவரும் அவர் மாணவர்களும் முதலில் குகை வௌவால்களைக் கவனித்தார்கள். ஒரு வௌவாலைக் கூண்டில் போட்டு இருட்டுக் குகையில் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் சாயங்காலம் வெளியே பறக்கும் நேரத்துக்கு இதுவும் சுறுசுறுப்பாகிவிடும். வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தால் அதன் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போனது. அதாவது கடிகாரம் உள்ளே இருக்கிறது. அதைச் சரி பண்ண வெளியே ஏதாவது வேண்டும்.

மனிதனுக்கும் அப்படித்தானா? அதைப் பார்க்க அங்கே தனி அறை வைத்திருந்தார்கள். வெயில் தெரியாது. கடிகாரம், ரேடியோ, பேப்பர் எதுவும் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் அதில் நாள் கணக்கில் தனியாகத் தங்கினார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம். அப்படித் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரை 1991-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. பிரான்ஸ் நாட்டு மிஷேல் சிஃப்ர் 1962-ல் குகைக்குள் 2 மாதம் இருந்தார். வெளியே வந்தபோது செப்டம்பர் 14. அவரோ இன்னும் ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார்! நாள் கணக்கு தப்பினாலும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி ஒழுங்காக வந்தன.

இந்தக் கடிகாரம் மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பு செல்கள்தான். இது 24 மணி நேரத்தைவிடச் சில நிமிஷம் அதிகமாக ஓடும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் சரியாகிவிடும். இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு வந்து, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த 3 பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன வருஷம் முதல் பீரியடில் நான் தூங்கி விழுவேன். எல்லாரும் "சோம்பேறி" என்று சிரிப்பார்கள். அழுகையா வரும். நம் வயசில் இந்தக் கடிகாரம் கொஞ்சம் லேட்டாகத்தான் தூக்கம் காட்டும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆனால் ராத்திரி டிவி, செல்போன் வெளிச்சம் அதை இன்னும் லேட்டாக்கும். அது என் தப்புதான்.

எங்க அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. மீன் விற்கப் போக 4 மணிக்கு எழுந்திருப்பார்கள். பாத்திரம் கழுவி முடித்துப் படுக்க ராத்திரி 11 ஆகும். அம்மாவின் கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இப்போது பாத்திரம் கழுவுவது நான். அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறார்கள். நானும் 10 மணிக்குள் தூங்கிவிடுகிறேன்.

பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப் எடுத்து, பிறகு விலங்கியல் படித்து இந்த ஆராய்ச்சிக்குப் போகலாமாம். நான் போவேன். "மீன் விக்கிற வீட்டுப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். தாத்தாதான் பதில் சொன்னார்: "என் உடம்பைப் பத்தித்தானய்யா படிக்கப் போவுது!"

நண்பர்களே, ஒரு வாரம் நீங்கள் தூங்கும் நேரம், எழும் நேரத்தை நோட்டில் எழுதி வாருங்கள். உங்கள் அம்மாவின் நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி, பனித்திட்டு